மாரிக்கனியின் கைக்கு ஒரு கொம்பு

மாரிக்கனி வெயிலுமுத்துவின் இடது அக்குளில் குடியிருந்தாள். நல்ல பேட்டை. கொஞ்சம் புழுக்கம், அவ்வளவுதான். வெயிலுமுத்து சாத்தூர்ப் பக்கம் மினிபஸ்ஸில் நடத்துநர். அவர் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தால் பேட்டையில் விடியும். கையை இறக்கினால் பொழுது சாயும். அதனால் ஒரு நாளைக்கே பல தடவை விடிந்தது. அதற்காக யாரும் பல தடவை பல் தேய்த்ததில்லை.

பேட்டையில் பிறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரிக் கை. ஒருத்தர் கை மற்றவர் கை போல இருக்காது. உலகத்தில் ஏதோ ஒரே ஒரு பொருளைப் பிடிப்பதற்கென்று அது வளைந்து நெளிந்து வந்திருக்கும். அது என்ன பொருள் என்று கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. வருமா வராதா என்றும் தெரியாது.

எதிர்வீட்டுத் தங்கபுஷ்பத்தின் கை அம்மைக்கென்று அமைந்தது. வெயிலுமுத்து கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியில் அவளுக்குப் பொருள் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு தடவை பிடித்தாள். அந்தப் பெருமையிலேயே இன்றுவரை சோறு இறங்குகிறது. மூன்றாம் வீட்டு இருளப்பனின் கைக்குப் பொருந்துகிற பொருளை உலகம் இன்னும் செய்யவே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு. அவன் காதுபட யாரும் சொல்வதில்லை.

மாரிக்கனியின் கையில் மூன்று பள்ளம், பக்கத்தில் ஒரு சின்னக் குழி. தம்ளர் அதில் நிற்காது. சீப்பு நழுவும். துடைப்பத்தைக் கொடுத்தால் துடைப்பம் தானாகவே மூலைக்குப் போய்ச் சாய்ந்துகொள்ளும். அவளை வளர்த்த சித்தி வெள்ளையம்மாள்தான் தலை சீவிவிடுவாள்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு ஒன்னைய எங்கிட்டுக் கரையேத்தப் போறேனோ," என்பாள் சித்தி.

"நானா கேட்டு வாங்கிட்டு வந்தேன்?" என்பாள் மாரிக்கனி. அதற்குள் சடை முடிந்திருக்கும்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவர் பெயர் பூமிநாதன். முடித்துவைக்கும் அதிகாரி. கைக்குப் பொருள் அமையாதவர்கள் ரொம்ப காலம் இருக்கக்கூடாது என்பது பேட்டையின் விதி. தினமும் புதிதாக ஆட்கள் பிறந்துகொண்டிருந்தார்கள், இடம் போதவில்லை. பூமிநாதன் மணியடித்துவிட்டு வாசலில் நிற்பார். "ஏதும் பிடிச்சீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் தட்டில் மைசூர்பாகு நீட்டுவார். தின்றவர் இருக்கமாட்டார். தட்டு இருக்கும். மைசூர்பாகைச் சும்மா சொல்லக்கூடாது, சுத்தமான நெய்.

யோசிக்க நேரம் வேண்டும் என்று கேட்டால் மறுக்கமாட்டார். வாசலிலேயே பெஞ்சாக மாறிக் காத்திருப்பார். தேக்குமரப் பெஞ்சு. அரசாங்க வேலையில் உள்ளவர்கள் நின்றுகொண்டே காத்திருக்கக்கூடாதாம்.

ஒரு நாள் பக்கத்து வீட்டிலிருந்து காலித் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மாரிக்கனியைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்தது நீங்கதாம்மா. அவசரமில்ல. இந்த வாரத்துக்குள்ள வாரேன்."

 இல்லாமல் போவதைப் பற்றி மாரிக்கனிக்குப் பெரிய வருத்தம் இல்லை. பேட்டையில் அது சகஜம். ஆனால் ஒரு பொருளையாவது கையில் பிடித்துப் பார்க்காமல் போகவேண்டுமே என்பதுதான் தாங்கவில்லை. அழுதாள். கண்ணீரைத் துடைக்கவும் அந்தக் கை உதவவில்லை. முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வானத்தில் ஒரு ஊசி வந்தது. தோள்பட்டைக்கு நேரே இறங்கியது, நின்றது, போய்விட்டது.

"போட்டாச்சா? எனக்குத் தெரியவே இல்லயே," என்று வெயிலுமுத்து மேலே யாரிடமோ சொல்வது கேட்டது. பச்சைப் பொய். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பல்லைக் கடித்தது பேட்டை முழுக்கத் தெரியும். அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக யாரும் சிரிக்கவில்லை.

ஊசி போன பிறகு தோள்பட்டையில் ஆட்கள் மழையாக விழுந்தார்கள். எல்லோரும் உடம்பு முழுக்க எண்ணெய் பூசியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே முகம். விழுந்த வேகத்தில் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனார்கள்.

தோள்பட்டையில்தான் சமையல்கூடம் இருந்தது. சித்திக்கு அங்கே அரைக்கிற வேலை. மாரிக்கனியும் கூடப் போவாள். முழங்கையால் ஈ ஓட்டுவாள். மாஸ்டர் சுடலையாண்டிக்கு ஒரே கொள்கை. தலையில் தொப்பி போட்டு வந்து எவன் என்ன சொன்னாலும் சமைத்துத் தருவார். தொப்பி இல்லாதவன் தலைகீழாக நின்று சொன்னாலும் காதில் விழாது. யார், எந்த ஊர், எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் அடுப்பு அணைந்துவிடும்.

எண்ணெய் பூசிய ஆள் ஒருவர் சுவர் வழியாக வழுக்கி உள்ளே வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. எண்ணெயைச் சுவரிலேயே விட்டுவிட்டு, தலையில் தொப்பியோடு நின்றார். கட்டியிருந்த வேட்டி பின்னால் தெருவரைக்கும் நீண்டு கிடந்தது.

"வாங்கண்ணே. என்ன செய்யணும்?" என்றார் மாஸ்டர்.

"கொம்பு."

"எந்த மாட்டுக்கு?"

"மாடு கெடையாது. கொம்பு மட்டும்."

"கொம்புக்குக் கீழ?"

"கீழ ஒண்ணும் வேண்டாம்."

"செஞ்சுருவோம்," என்றார் மாஸ்டர்.

வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு செய்முறையைச் சொல்ல ஆரம்பித்தார். அது சேர், இது சேர், இங்கே மடி, அங்கே முறுக்கு என்று ஒரே சீராகச் சொன்னார். கடைசியில் ஆ, ஆ, ஆ, ஆ என்று நீளமாக இழுத்து நிறுத்தினார். சமையல்காரர்கள் கையோடு கையாகச் செய்து முடித்தார்கள். ஒரு கொம்பு வந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இன்னொரு கொம்பு வந்தது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வேட்டி ஒரு முழம் குறைந்தது. அதை எடுத்தவர்கள் யாரும் இல்லை.

அதற்குள் ஊரில் வதந்தி கிளம்பிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சமையல்கூடத்துக்கு நடுவே ஒரு பூட்டிய அறை உண்டு. வெயிலுமுத்துவின் மூக்கு ஏன் அப்படி இருக்கிறது, முடி ஏன் அப்படிக் கொட்டுகிறது என்கிற சமாச்சாரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. எண்ணெய்க்காரன் அந்த அறைக்குள் புகுந்து எல்லாவற்றையும் மாற்றிவிடப் போகிறான் என்று தங்கபுஷ்பம் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சித்தி அம்மியை விட்டு எழுந்து நேரே வந்து கேட்டாள்.

"நடு ரூமுக்குள்ள போயி எங்க கொலசாமியவே மாத்தப் போறீகளாமே?"

"அது எங்கிட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது தாயி. சாவியும் இல்ல. நேரமும் இல்ல."

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அந்நேரம் வேட்டி முழுக்கத் தீர்ந்து, அவருக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை.

"அண்ணே, வலிக்குதா?" என்றாள் மாரிக்கனி.

"எதுக்கு வலிக்கணும்? சொல்ல வந்தேன். சொல்றேன்."

இடுப்புப் போனது. நெஞ்சு போனது. வாய் இருக்கிற வரைக்கும் சொன்னார். சிரித்த முகமாகவே சொன்னார். கடைசியில் தொப்பி மட்டும் தரையில் கிடந்தது. மாஸ்டர் அதைக் கொண்டு சூடான சட்டியை இறக்கி வைத்தார். சட்டி இறங்கியதும் தொப்பியும் இல்லை.

ஆனால் கொம்புகள் இருந்தன. சமையல்கூடத்துச் சுவரெல்லாம் வரிசையாக நட்டுக்கொண்டு நின்றன. மாரிக்கனி ஒன்றைப் பார்த்தாள். மூன்று புடைப்பு. பக்கத்தில் ஒரு சின்ன முளை. அவள் தன் கையைப் பார்த்தாள். மறுபடியும் கொம்பைப் பார்த்தாள். கை அரித்தது. 

"ஏய், தொடாத!" என்று கத்தினாள் சித்தி. "பொட்டப்பிள்ள தானா போயித் தொடுறதாவது? தரகர் தட்டுல வச்சு வீட்டுக்குக் கொண்டாரணும். வெத்தல பாக்கோட. அதுக்கொரு மொற இருக்கு."

முறை இருந்தது. மாரிக்கனி கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் வானம் சுட்டது. வெயிலுமுத்துவுக்குக் காய்ச்சல். "பஸ்ஸுக்குப் போகாட்டி என்ன, படுங்க," என்று அவர் மனைவி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பேட்டையில் பாரசிட்டமால் தூறியது. தெருவெல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆனது. ஊர்க்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். வானம் சுட்டால் ஏதோ நல்ல காரியம் நடக்கப் போகிறது என்று அர்த்தம். ஆளாளுக்கு வாசலில் வாழைமரம் கட்டினார்கள்.

தரகர் பேச்சியப்பன் வந்தார். அவருக்கு உடம்பெங்கும் கிளைகிளையாகக் கைகள். ஒரு கொம்பைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சட்டை முழுக்கப் பொத்தான் பொத்தானாகக் குத்தியிருந்தார். முழுக் கொம்பு ஒன்றைத் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு ஏந்தியிருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். போகிற வீட்டில் எல்லாம் கை நீட்டச் சொன்னார். பொருந்தவில்லை. பொருந்தாத வீட்டிலும் பஜ்ஜி, கேசரி கொடுக்காமல் விடுவார்களா? மாரிக்கனி வீட்டுக்கு வந்தபோது அவர் பக்கவாட்டில் திரும்பித்தான் வாசலுக்குள் நுழைய முடிந்தது.

"கைய நீட்டு தாயி," என்றார்.

மாரிக்கனி நீட்டினாள். கொம்பு உட்கார்ந்தது.

மூன்று புடைப்பும் மூன்று பள்ளத்தில் போய் இறங்கின. முளை குழியைத் தேடிப் போனது. குழி மட்டும் லேசாக ஆடியது. ஆடினால் என்ன? பிறந்ததிலிருந்து ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்காத கை அது. அன்றைக்கு ஒரு பொருள் அதில் நின்றது. விரல்கள் எதற்காக இருக்கின்றன என்று மாரிக்கனிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

தரகர் சித்தியைப் பார்த்தார். "என்ன சொல்றீக?"

இந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. சித்திக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் பெண்வீட்டார் கேட்டவுடன் தலையாட்டினால் மதிப்பு என்ன ஆவது? கொஞ்சம் பிகு வேண்டாமா? முகத்தை ஒன்றும் அறியாததுபோல வைத்துக்கொண்டு, மோவாயைத் தோளில் இடித்து, "யோசிச்சுச் சொல்றோம்," என்றாள்.

தரகர் எத்தனையோ வீடு ஏறி இறங்கியவர். யோசித்துச் சொல்கிறோம் என்று சொன்ன வீட்டிலிருந்து அவருக்கு இதுவரை ஒரு தகவலும் வந்ததில்லை. "அப்பச் சரிங்க," என்று கொம்பை வாங்கித் தட்டில் வைத்தார். கேசரியைத் துடைத்துத் தின்றுவிட்டுப் பக்கவாட்டில் வெளியேறினார்.

"போறாரே!" என்றாள் சித்தி.

"நீதான போகச் சொன்ன!"

"நான் எங்கடி போகச் சொன்னேன்? ரெண்டாந்தரம் கேப்பாருன்னு பாத்தேன்!"

வாசலில் மணி அடித்தது. பூமிநாதன் நின்றார். கையில் தட்டு.

"ஏதும் பிடிச்சீங்களாம்மா?"

"பிடிச்சேன் சார். இப்பத்தான்."

"பொருளு எங்க?"

"தரகர் எடுத்துட்டுப் போயிட்டாரு."

பூமிநாதன் அவள் கையை எட்டிப் பார்த்தார். வெறுங்கை. அவருக்கே கஷ்டமாக இருந்தது. "காலியாத்தானம்மா இருக்கு," என்றார்.

"யோசிக்க நேரம் குடுங்க சார்," என்றாள் சித்தி சட்டென்று.

"தாராளமா," என்று பூமிநாதன் பெஞ்சாக மாறினார்.

சித்தி தொப்பென்று அவர்மேல் உட்கார்ந்தாள். "ஓடுடி. ஆளு உக்காந்திருக்கிற பெஞ்சு எந்திரிச்சு மனுசனானதா எங்கயும் கேட்டதில்ல. நீ வார வரைக்கும் நான் அசைய மாட்டேன்."

பெஞ்சு லேசாகக் கனைத்தது. சித்தி வெற்றிலையைப் பிரித்து நரம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

மாரிக்கனி தரகர் போன சந்தில் ஓடினாள். அது பொல்லாத சந்து. அதில் இருக்கிற கதவெல்லாம் முன்பக்கம் மட்டும் திறக்கும். போனவர் திரும்ப முடியாது. அதுவாவது பரவாயில்லை. அவள் ஓட ஓடச் சந்து நீண்டது. வேகமாக ஓடினால் அதுவும் வேகமாக நீண்டது. தரகரின் முதுகு முன்னால் தெரிந்துகொண்டே இருந்தது, கிட்டே வரவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மாரிக்கனி நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். கத்தரிக்காய் வாங்கப் போகிறவளைப் போல, எந்தக் கவலையும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்தாள். சந்துக்கு அலுத்துவிட்டது. சுருங்கிக்கொண்டது. இரண்டு எட்டில் மறுமுனை வந்தது.

அங்கே தாய்மாமன் மண்டபம். பேட்டையில் காது குத்துவதானாலும் கல்யாணமானாலும் தாய்மாமன் ஒரு வார்த்தை சொல்லாமல் நடக்காது. மண்டபம் முழுக்க மாமன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பொருளின் ஒரே ஒரு உடைந்த துண்டைத்தான் அடையாளம் தெரியும். அந்தத் துண்டு வருகிற வரைக்கும் அவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். சிலர் மடியில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

தரகர் சட்டையைக் காட்டிக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தார். மாமன்கள் எட்டிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசி வரிசையில் சங்கிலிமாடன் மாமா எழுந்தார். அவர் எழுந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. நல்ல உயரம்.

"ஏ! இது என் துண்டு!" என்று தரகரின் மூன்றாம் பொத்தானைப் பிடித்தார். "இந்தக் கொம்பப் பிடிச்ச பிள்ள யாரு?"

"நாந்தான் மாமா," என்றாள் மாரிக்கனி. மூச்சிரைக்கக் கையை நீட்டினாள்.

"கையப் பாத்தா எனக்கென்ன தெரியும்? துண்டு இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். சின்னக் குழிக்குள் ஒரு சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்த பிடியில் உடைந்து தங்கியிருக்கிறது. சங்கிலிமாடன் மாமா அதை எடுத்துத் தரகரின் பொத்தானோடு வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு," என்றார்.

"அவுக வீட்டுல யோசிச்சுச் சொல்றோம்னாங்களே," என்றார் தரகர்.

"யாரு சொன்னது?"

"சித்தி."

"சித்தி சொல்லிட்டா ஆச்சா? மாமன் நான் உசுரோட நிக்கேன். கொட்டுங்கப்பா மேளத்த!"

கெட்டிமேளம் கொட்டியது. மாரிக்கனிக்கு உச்சி குளிர்ந்தது. மேளம் நின்றபோது அவள் இரண்டாக இருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ யாரு?" "மாரிக்கனி. நீ?" "மாரிக்கனி." அதற்குள் நாலு ஆனார்கள். எட்டு ஆனார்கள். மண்டபம் கொள்ளவில்லை. பந்தியில் இலை போட்டவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் எதிரே ஒன்பது பேர் சோறு கேட்டார்கள். அவர்களில் முதல் மாரிக்கனி யார் என்று கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள். நமக்கு மட்டும் அடையாளம் தெரியும். சடையைச் சித்தி கொஞ்சம் கோணலாகப் பின்னியிருந்தாள். சரி, எல்லோருக்கும் அதே கோணல்தான். ஆனாலும் நம்முடையவள் இவள்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இத்தோடு சுபம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. பூமிநாதன் தட்டோடு வந்து சேர்ந்தார். மேளச் சத்தம் கேட்டுச் சித்தி கல்யாணம் பார்க்க எழுந்து வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மேளம் கேட்டால் யாரால் உட்கார்ந்திருக்க முடியும்?

"எல்லாரும் மாரிக்கனிதான், சரி," என்றார் பூமிநாதன். "ஆனா கொம்பு கொறச்சல். நல்லாப் பிடிக்கிற கை இருக்கட்டும். ஆடுற கைக்கு மைசூர்பாகு."

ஒவ்வொருத்தியாகப் பிடிக்கவைத்து ஆட்டிப் பார்த்தார். இரண்டாகப் பிரியும்போது அங்கங்கே விரல் பிசகிப் போயிருந்தது. பெரும்பாலும் கெடுதலாகத்தான் பிசகியிருந்தது. கெட்டவர்கள் மைசூர்பாகை வாங்கி, "நெய் நல்லாருக்கு சார்," என்று சொல்லிவிட்டு இல்லாமல் போனார்கள். தன் முகமே தன்னைப் பார்த்து டாட்டா காட்டிவிட்டுப் போவது மாரிக்கனிக்கு என்னவோபோல் இருந்தது.

அவள் முறை வந்தது. கொம்பைப் பிடித்தாள். பூமிநாதன் ஆட்டினார். சின்னக் குழி ஆடியது.

"ஆடுதும்மா," என்றார். 

"இன்னொரு வாட்டி ஆட்டுங்க சார்."

"வேண்டாம்மா. மனசுக்குக் கஷ்டமாருக்கு."

"ஆட்டுங்க!"

அவள் கத்திய வேகத்தில் மறுபடியும் இரண்டாகப் பிரிந்தாள். பிரிகிற அவசரத்தில் சுண்டுவிரல் ஒரு நூல் உள்பக்கமாகப் பிசகிக்கொண்டது. தப்பாகத்தான் பிசகியது, ஆனால் சரியான இடத்தில் தப்பியது. பூமிநாதன் கொம்பை ஆட்டினார். ஆடவில்லை. பலமாக ஆட்டினார். அவர்தான் ஆடினார். கொம்பைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது, கொம்பு அப்படியே நின்றது.

"ஆடலம்மா!" என்று கூவினார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். முடித்துவைக்கும் அதிகாரி கைதட்டுவது முறையில்லை. ஆனால் அவரும் எத்தனை காலம்தான் மைசூர்பாகையே நீட்டிக்கொண்டிருப்பார், பாவம்.

பிறகு வேலை ஆரம்பித்தது. தேர்ந்த மாரிக்கனிகளில் பாதிப்பேர் ஜன்னலோரம் உட்கார்ந்து கைகளைக் கழற்றி வெளியே வீச ஆரம்பித்தார்கள். கவட்டை போல இரண்டு பக்கமும் உள்ளங்கை உள்ள கைகள். வீச வீசப் புதிதாக முளைத்தன. ஜன்னலுக்கு வெளியே ரத்தம் ஆறாக ஓடியது. கைகள் அதில் மிதந்து ஊரெல்லாம் போயின. வீசி ஓய்ந்தவர்கள் தாங்களாகவே மைசூர்பாகு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"எனக்கு என்ன வேலை மாமா?" என்றாள் நம் மாரிக்கனி.

"நீ ஞாபகம் வச்சுக்கிட்டு இரு."

"அது ஒரு வேலையா?"

"அதுதான் பெரிய வேலை. ஊரச் சுத்து. காத்து வாங்கு. கைய மட்டும் மறந்துறாத."

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. பிடித்த கொம்பை வைத்துவிட்டு மறுபடியும் வெறுங்கையோடு இருக்கவேண்டுமா? ஆனால் மாமன் சொல்லைத் தட்டக்கூடாது. இருந்தாள்.

சில வாரம் கழித்து வானத்தில் மறுபடியும் ஊசி வந்தது. எண்ணெய்க்காரர்கள் மறுபடியும் விழுந்தார்கள். இந்தத் தடவை யாரும் மசமசவென்று நிற்கவில்லை. தரகர் படியில் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தி உள்ளேயிருந்து, "சம்மதம்! எங்களுக்குச் சம்மதம்! முழுச் சம்மதம்!" என்று கத்தினாள். தரகருக்கு அன்றைக்கு ஒரு பஜ்ஜிகூடக் கிடைக்கவில்லை. பேட்டையே மாரிக்கனிகளால் நிறைந்தது. வீசிய கைகளில் ஆறு தெரியவில்லை. வெயிலுமுத்து ஒரு நாள் படுத்து எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் மாரிக்கனி மூக்குப் பக்கம் காற்று வாங்கப் போயிருந்தாள். பஸ் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நல்ல கூட்டம். யாரோ இருமினார்கள். மூக்கு வழியாக ஒருவன் உள்ளே வந்தான்.

உருண்டை உடம்பு. உடம்பெல்லாம் கொம்பு. கையில் ஒரு பை, அதற்குள்ளிருந்து ஒரு தொப்பி எட்டிப் பார்த்தது. பார்வைக்குச் சாது. நேரே முதல் வீட்டு வாசலுக்குப் போய் ஒரு கொம்பைச் சாவித்துவாரத்தில் நுழைக்கப் பார்த்தான். கொம்புக்குக் கீழே ஒரு ஆள் இருப்பதை மாரிக்கனி அன்றைக்குத்தான் பார்த்தாள்.  அவன் வீட்டுக்குள் போனால் சமையல்கூடத்துக்குப் போவான். மாஸ்டர் சுடலையாண்டி யார் எவன் என்று கேட்கமாட்டார். அவன் சொல்வதையெல்லாம் செய்து கொடுப்பார். அவனைப் போலவே ஆயிரம் பேரைச் செய்து கொடுப்பார்.

மாரிக்கனி தரகருக்குக் காத்திருக்கவில்லை. வெற்றிலை பாக்கையும் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய் அவன் நுழைக்க இருந்த கொம்பைக் கப்பென்று பிடித்தாள்.

மூன்று பள்ளமும் நிறைந்தன. குழியும் நிறைந்தது. ஒரு நூல் ஆட்டம் இல்லை.

அந்த நேரத்தில் ஆற்றில் மிதந்த கைகளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கொம்பையும் ஒவ்வொரு கை பிடித்துக்கொண்டது. பிடிக்க மிச்சம் எதுவும் இல்லாததால் பிந்தி வந்த கைகள் அவன் பையைப் பிடித்துக்கொண்டன. அவன் வாசலிலேயே நின்றான். முன்னால் போக முடியவில்லை, பின்னால் போக முடியவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றான்.

"மாரிக்கனி."

"இதெல்லாம்?"

"அதெல்லாமும் மாரிக்கனி."

அவன் யோசித்தான். "என்னைய எப்படித் தெரியும்? நான் இந்த ஊருக்கு இப்பத்தான் மொத மொத வாரேன்."

"ஒங்களத் தெரியாது. கொம்பத் தெரியும்."

"எப்ப விடுவீக?"

மாரிக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேட்டீக. நான் பொறந்ததே இதுக்குத்தான்." சொல்லிவிட்டுப் பிடியை இன்னும் இறுக்கினாள். சந்தோஷம்தான். வேறொன்றும் இல்லை.

மேலே பெரிய சத்தம் கேட்டது. வெயிலுமுத்து ஒரே ஒரு தும்மல் போட்டார். ஊரே ஒரு குலுங்கு குலுங்கியது. மாரிக்கனி பிடியை விடவில்லை.

"என்னண்ணே, சளி பிடிச்சிருச்சா?" என்று ஓட்டுநர் கேட்பது காதில் விழுந்தது.

"சளியெல்லாம் இல்ல. தூசி," என்றார் வெயிலுமுத்து. விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.

மாரிக்கனி கொம்புக்காரனைப் பார்த்தாள். "தூசியாம்," என்றாள்.

அவனுக்கும் அது நியாயமாகப் படவில்லை. இல்லை என்று தலையாட்டப் பார்த்தான். ஆடவில்லை.